விசில் ஊதுனதுக்கு அப்புறம்: நம்ம டீம் ஜெயிச்சத முழுசா அனுபவிக்கிறது எப்படி

முதல் விஷயம், ஃபுட்பால் மேட்ச் முடிஞ்சு ஃபைனல் விசில் ஊதுன உடனே ஃபோன எடுக்காதீங்க. இத நான் எத்தன பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல, இருந்தாலும் திரும்ப சொல்றேன், ஏன்னா தொண்ணூறு நிமிஷம் நகத்த கடிச்சிட்டு உக்காந்து பாத்துட்டு ஜெயிச்ச அந்த நொடில ஸ்டேட்டஸ் போட குனிஞ்சீங்கன்னா பாதி சந்தோஷம் உங்களுக்கு தெரியாமயே டிவில ஓடி முடிஞ்சிடும். குறைஞ்சது பத்து நிமிஷம் ஸ்க்ரீனயே பாருங்க. யார் அப்படியே புல்லுல விழுந்து கெடக்குறாங்க, யார் முதல்ல கீப்பர்கிட்ட ஓடுறாங்க, யார் தோத்த டீம் பிளேயர கைய குடுத்து தூக்கி விடுறாங்க, கோச் முகம் எப்படி இருக்கு, இதெல்லாம் ஹைலைட்ஸ்ல வராது, வந்தாலும் ரெண்டு செகண்டு.

நான் இங்கிலாந்து கிளப் லிவர்பூலோட ஃபேன், அதனால உதாரணம் எல்லாம் அங்கேருந்துதான் வரும், உங்க டீமுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. 2019 மே 7, ஐரோப்பாவோட பெரிய கிளப்புகள் மோதுற சாம்பியன்ஸ் லீக்ல செமிஃபைனல் ரெண்டாவது லெக் (ஒரே எதிர் டீமோட ரெண்டு மேட்ச், கோல கூட்டித்தான் முடிவு). அவங்க ஸ்டேடியம் கேம்ப் நூவுல பார்சிலோனாகிட்ட 3-0 தோத்துட்டு எங்க ஸ்டேடியம் ஆன்ஃபீல்டுக்கு வந்து 4-0 ஜெயிச்ச நாள். கோல் போடுற முக்கியமான ஆளுங்கள்ல சலாவுக்கு காயம், ஃபிர்மினோவும் இல்ல. அந்த நாலு கோல இன்னைக்கு யார் வேணா தேடி பாத்துக்கலாம். ஆனா எனக்கு நெஞ்சுல நின்னது மேட்ச் முடிஞ்சதுக்கு அப்புறம்தான். பிளேயர்ஸ், கோச்சிங் ஸ்டாஃப் எல்லாரும் தோள் மேல கைய போட்டு ஒரே வரிசையா எங்க ஃபேன்ஸ் இருக்குற கோப் ஸ்டாண்டு முன்னாடி நின்னு கூட்டத்தோட சேந்து கிளப் பாட்ட பாடுனாங்க, ஆட முடியாத சலா ‘நெவர் கிவ் அப்’னு எழுதுன கருப்பு டி-ஷர்ட்டோட இருந்தாரு. நான் அன்னைக்கு ஃபோன வேற ரூம்ல சார்ஜ்ல போட்டிருந்தேன், அதனாலதான் முழுசா பாத்தேன். அன்னையிலேருந்து மேட்ச் நாள்ல பெரும்பாலும் ஃபோன் வேற ரூம்லதான்.

அடுத்து கோல் விழும்போது கத்துறது பத்தி. இங்கிலாந்தோட பிரீமியர் லீக்ல 2019-20 சீசன்லேருந்து வீடியோ ரெஃப்ரி வந்ததும் நிறைய பேரு கோல் விழுந்தாலும் வாய மூடிட்டு உக்காந்திருக்காங்க, செக் முடியட்டும், கன்ஃபர்ம் ஆகட்டும்னு. தயவுசெஞ்சு அப்படி இருக்காதீங்க. கத்திடுங்க. கேன்சல் ஆனா ஆகட்டும், அந்த சத்தம் வீணாப் போகல. 2019 ஏப்ரல் 17, மேன்செஸ்டர் சிட்டி - டாட்டன்ஹாம் சாம்பியன்ஸ் லீக் மேட்ச்ல (அங்க வீடியோ ரெஃப்ரி முன்னாடியே வந்தாச்சு) ஸ்டாப்பேஜ் டைம்ல ஸ்டெர்லிங் கோல் போட்டு மொத்த ஸ்டேடியமும் குதிச்சது, அப்புறம் அகுவேரோ ஆஃப்சைடுன்னு வீடியோ பாத்து தூக்கிட்டாங்க, சிட்டி 4-3 ஜெயிச்சும், ரெண்டு லெக்கும் சேத்து சமன்ங்கிறதால, எதிராளி ஊர்ல யார் அதிக கோல் போட்டாங்கன்னு பாக்குற அவே கோல் கணக்குல வெளிய போச்சு. அதே நொடில தோத்துட்டோம்னு தரைய பாத்துட்டு இருந்த டாட்டன்ஹாம் ஃபேன்ஸுக்கு அது எப்பேர்ப்பட்ட ராத்திரி! அதனால எதிர் டீம் கோல் போட்டாலும் டிவிய ஆஃப் பண்ணாதீங்க. கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிக்கணும்னா லைன்ஸ்மேன் கொடிய பாருங்க, ரெஃப்ரி காதுல விரல் வெச்சிட்டு நிக்கிறாரான்னு பாருங்க, கோல் வாங்குன டீம் டிஃபெண்டர்ஸ் எல்லாம் சேந்தாப்ல கைய தூக்குறாங்களா இல்ல தலைய தொங்கப்போடுறாங்களான்னு பாருங்க. பெரும்பாலும் தலைய தொங்கப்போட்டா கோல்தான்.

வீட்ல எல்லாரும் தூங்கிட்டு இருந்தா தலகாணிய வாயில அமுக்கிட்டு கத்துங்க, இல்லன்னா துண்டு. கூட பாக்குற பெரியவங்க யாருக்காவது இதய பிரச்சனை இருந்தா அவங்கள ஒரு கண்ணு பாத்துக்கோங்க, இது வெறும் பேச்சு இல்ல, 2006 உலகக் கோப்பையப்போ மியூனிக் பக்கம் டாக்டர்ஸ் கணக்கெடுத்ததுல ஜெர்மனி ஆடுன நாள்ல இதய அவசர கேஸ் வழக்கத்த விட ரெண்டரை மடங்குக்கு மேல வந்திருக்கு. மாத்திரைய வேளைக்கு போட்டாங்களான்னு மேட்சுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஒரு நோட்டு வாங்குங்க, சாதா கோடு போட்ட நோட்டு போதும். ஜெயிச்ச அன்னைக்கு, ஹைலைட்ஸ் பாக்குறதுக்கு முன்னாடி, எக்ஸ்பர்ட் யார் பேசுறதையும் கேக்குறதுக்கு முன்னாடி, மூணே மூணு வரி எழுதுங்க. ஸ்கோர் எழுத வேணாம், அது எங்கயும் போகாது. நீங்க என்ன பாத்தீங்க, எப்ப பயந்தீங்க, எந்த நொடில ஜெயிச்சிடுவோம்னு தோணுச்சு. இவ்வளவுதான். ஏன் ஹைலைட்ஸுக்கு முன்னாடின்னா, ஒரு தடவ அத பாத்துட்டா உங்க ஞாபகம் போய் அவங்க வெட்டி ஒட்டுன மேட்ச்தான் உங்க மேட்ச்னு ஆயிடும், ரெண்டு வருஷம் கழிச்சு யாராவது கேட்டா எல்லாரும் சொல்ற அதே நாலு சீனதான் நீங்களும் சொல்லுவீங்க.

பார்சிலோனா மேட்ச் அன்னைக்கு நான் எழுதுனது இது, நோட்ட பாத்து அப்படியே டைப் பண்றேன்: “கார்னர விட்டுட்டு போற மாதிரி நடந்தான், திரும்பி வந்து டக்குனு அடிச்சான். எனக்கு புரியறதுக்குள்ள கோல். பார்சா பசங்க யாரும் பந்த பாக்கவே இல்ல.” அலெக்சாண்டர்-ஆர்னால்டு அடிச்ச அந்த 79வது நிமிஷ கார்னர், ஒரிகி போட்ட கோல். கையெழுத்து கோணலா இருக்கு, ‘கோல்’ல கால் பேப்பர கிழிச்சிட்டு போயிருக்கு. அந்த பக்கத்த தொட்டா போதும், வீடியோ போட வேணாம், அந்த ராத்திரி அப்படியே வந்துடும்.

மறுநாளோ வீக்எண்டோ டைம் கெடைச்சா மேட்ச திரும்ப பாருங்க, முழுசா பாக்கணும்னு அவசியம் இல்ல. எங்க பாக்கணும்னு நான் சொல்றேன்: ஹாஃப் டைம் முடிஞ்ச முதல் பதினஞ்சு நிமிஷம். யார் உள்ள வந்தாங்க, யார் எடம் மாறினாங்கன்னு பாருங்க, ஜெயிச்சதுக்கு காரணம் பல நேரம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். 2005 மே 25, நாங்க ஏசி மிலானோட ஆடுன சாம்பியன்ஸ் லீக் இஸ்தான்புல் ஃபைனல எடுத்துக்கோங்க. ஏசி மிலான் ஹாஃப் டைம்ல 3-0 முன்னாடி. எல்லாரும் எங்க ஜெரார்டு, ஷ்மிட்சர், அலோன்சோ ஆறு நிமிஷத்துல மூணு கோல் போட்டு சமன் பண்ணத பேசுவாங்க, பேசணும்தான், ஆனா ஹாஃப் டைம்ல ரைட் பேக் (வலது பக்க டிஃபெண்டர்) ஃபின்னன எடுத்துட்டு மிட்ஃபீல்டர் ஹாமன நடுவுல எறக்குனாங்க பாருங்க, மிலான் பிளேயர் காக்கா அதுவரைக்கும் ஓடிட்டு இருந்த எடத்துல ஆள் வந்து நின்னாச்சு, அங்கதான் மேட்ச் திரும்புச்சு. அப்புறம் எங்க ட்ராவோரே கோல் லைன்ல இருந்து தட்டிவிட்ட பந்து, எக்ஸ்ட்ரா டைம் முடியப்போற நேரத்துல மிலானோட ஷெவ்சென்கோ ரெண்டு தடவ அடிச்சும் எங்க கீப்பர் டுடெக் தடுத்தது, இது ரெண்டும் இல்லன்னா நாங்க ஜெயிச்ச அந்த பெனால்டி ஷூட்அவுட்டே இல்ல. 2019 பார்சிலோனா மேட்ச்லயும் அதே கதைதான், ராபர்ட்சனுக்கு அடிபட்டு ஹாஃப் டைம்ல வைனால்டும் வந்தாரு, மில்னர் லெஃப்ட் பேக்குக்கு போனாரு, வந்த வைனால்டும் 54லயும் 56லயும் கோல். ரெண்டு மேட்ச்லயும் ஒரு டிஃபெண்டர் காயத்தால வெளிய போக, உள்ள வந்த மிட்ஃபீல்டர்தான் கதைய மாத்தினாரு. இத நானா கண்டுபிடிச்ச அன்னைக்கு கோல் விழுந்த மாதிரியே சந்தோஷமா இருந்துச்சு.

எக்ஸ்ஜி (ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்புன்னு கூட்டி போடுற கணக்கு), பாஸ் கணக்கு எல்லாம் பாக்கலாம், ஆனா அன்னைக்கே வேணாம். ஜெயிச்ச ராத்திரில “நாம ஜெயிக்க தகுதி இல்ல, எக்ஸ்ஜி கம்மி”ன்னு ஒருத்தன் வருவான், அவன்கிட்ட அப்புறம் பேசிக்கலாம். ஒரு பெனால்டிக்கே 0.76 பக்கம் எக்ஸ்ஜி ஏறிடும், அதனால ஒரே மேட்ச்ல அந்த நம்பர வெச்சு முடிவு கட்ட முடியாது, பத்து மேட்ச் சேத்து பாத்தாதான் அதுக்கு அர்த்தம்.

லீக் பாயிண்ட் டேபிள் பாக்குறது தனி போதை. ஜெயிச்சா மூணு பாயிண்ட், இங்கிலாந்துல இது 1981லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ரெண்டுதான். கோல் டிஃபரன்ஸயும் (போட்ட கோல்ல வாங்குன கோல கழிச்சது) பாருங்க, 2011-12ல சிட்டியும் மேன்செஸ்டர் யுனைட்டெடும் ஆளுக்கு 89 பாயிண்ட், சிட்டிக்கு +64, யுனைட்டெடுக்கு +56, அந்த எட்டு கோல்லதான் சாம்பியன் யாருன்னு முடிவாச்சு, அதனால 3-0ல இருக்கும்போது விழுற நாலாவது கோலுக்கும் மனசார கத்துங்க. ஆனா பேப்பர் பேனா எடுத்துட்டு மிச்ச மேட்ச் எல்லாத்துக்கும் ரிசல்ட் போட்டு கோப்பைய தூக்கிடாதீங்க. 2014 ஏப்ரல் 13 சிட்டிய 3-2 ஜெயிச்சப்போ நான் அதத்தான் பண்ணேன். ஏப்ரல் 27ல செல்சிகிட்ட 0-2, மே 5ல கிரிஸ்டல் பேலஸோட 3-0 முன்னாடி இருந்து கடைசி பன்னெண்டு நிமிஷத்துல 3-3. சிட்டி 86, நாங்க 84. அந்த மே மாசம் எப்படி போச்சுன்னு இப்பவும் எழுத வரல. ஆனாலும் ஏப்ரல் 13 நோட்டுல இருக்குற மூணு வரிய நான் அடிக்கல. அன்னைக்கு கூடினியோ போட்ட அந்த ஜெயிச்ச கோல் அன்னைக்கு உண்மை, அதுக்கப்புறம் நடந்தது எதுவும் அத தொட முடியாது. 2018-19ல 97 பாயிண்ட் எடுத்தும் ஒரே பாயிண்ட்ல கோப்பைய விட்டோம், அந்த சீசன் ஜெயிச்ச முப்பது மேட்சும் நோட்டுல இருக்கு.

எதிர் டீம் ஃபேன் நண்பர்கள் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும். 2023 மார்ச் 5, யுனைட்டெட 7-0 ஜெயிச்சோம், கேக்போ ரெண்டு, நூனெஸ் ரெண்டு, சலா ரெண்டு, ஃபிர்மினோ ஒண்ணு. என் ரொம்ப வருஷத்து நண்பன் யுனைட்டெட் ஃபேன். நான் ஒவ்வொரு கோலுக்கும் அவனுக்கு மெசேஜ் அனுப்புனேன், ஏழு கோலுக்கும், அதுக்கப்புறம் மீம் வேற. அவன் ஒண்ணுக்கும் பதில் போடல. ரெண்டு வாரம் கழிச்சுதான் தெரிஞ்சது அன்னைக்கு அவன் அப்பா ஆஸ்பத்திரில இருந்தாரு, வார்டுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்துட்டு கொஞ்சம் மனச மாத்திக்கலாம்னு மேட்ச போட்டிருக்கான். அவர் நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டாரு, அவனும் ஒண்ணும் சொல்லல, நான்தான் மன்னிப்பு கேட்டேன். அதுலேருந்து நான் கடைபிடிக்கிறது இதுதான்: முதல் மெசேஜ் நான் அனுப்ப மாட்டேன், அவன் ஆரம்பிக்கட்டும். ஆரம்பிச்சா முதல்ல அவன் டீம்ல அன்னைக்கு நல்லா ஆடுன ஒருத்தன பத்தி பேசுவேன், நல்லா ஆடுன ஆள் ஒருத்தனாவது இருப்பான். அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் கலாய்க்கிற மூட் வந்துச்சுன்னா விடிய விடிய கலாய்க்கலாம். தோத்த டீம் பிளேயர் அக்கவுண்ட்ல போய் திட்டுறது, அவங்க குடும்பத்த இழுக்குறது, இது மட்டும் எந்த ஸ்கோர்லயும் கூடாது.

தூக்கம் வராது, அது சகஜம். லைட்ட அணைச்சிட்டு படுங்க, கோல ஒண்ணு ஒண்ணா மனசுல ஓட்டுங்க, ஸ்க்ரோல் பண்ணாதீங்க.

காலைல எழுந்ததும் ஜெர்சி. ஜெயிச்ச ஜெர்சிய தொவைக்கக்கூடாது, ராசி போயிடும்னு நெனைக்கிறவங்க இருக்காங்க, எனக்கு அவங்கள புரியும், ஆனா வேர்வை அப்படியே இருந்தா துணி கெட்டு பின்னாடி இருக்குற நம்பர் உரிய ஆரம்பிச்சிடும். உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, பச்சத் தண்ணில, தனியா தொவைங்க. முறுக்கி பிழியாதீங்க. நெழல்ல காயப்போடுங்க, பேர் நம்பர் மேல நேரா அயர்ன் பாக்ஸ் வெக்காதீங்க. காயற நேரத்துல நோட்ட எடுத்து அடுத்த பக்கம் மேல அடுத்த மேட்ச் தேதியையும் எதிர் டீம் பேரையும் எழுதிடுங்க, கீழ மூணு கோடு காலியா விட்டு.