அமெரிக்கப் பழமைவாதிகளின் கட்டுரைகளை வாசிக்கும் முறை

அமெரிக்க அரசியலைப் பற்றிப் பழமைவாதி ஒருவர் எழுதிய கட்டுரை கையில் கிடைத்தால், அவர் டிரம்ப்பை ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று தேடுவதற்கு முன், அவர் எதைக் காக்க விரும்புகிறார், அதைக் குறித்து முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்று கருதுகிறார் ஆகிய இரண்டையும் கண்டுகொள்ளுங்கள். இரண்டாவது கேள்வியைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். வாதத்தின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கருக்கலைப்பை எடுத்துக்கொள்வோம். கருக்கலைப்பை அரசியலமைப்பு தரும் உரிமை என்று அறிவித்த 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை 2022 ஜூனில் டாப்ஸ் வழக்கில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், முடிவை மக்களிடமும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடமும் ஒப்படைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் செனட்டர் லிண்ட்சே கிரஹாம், 15 வாரங்களுக்குப் பிந்தைய கருக்கலைப்பை நாடெங்கும் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானலோ, தம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதை மாநிலங்களிடம் விடுவதையே விரும்புவதாகக் கூறினார். இருவருமே கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் என்பதால், இந்தப் பிளவை மனத்தில் கொள்ளாமல் அக்காலக் கட்டுரைகளை வாசித்தால் பாதிதான் விளங்கும்.

ஒன்றை வெறுப்பதும் அதைத் தடை செய்யக் கோருவதும் வேறு வேறு என்பதையும் பிரித்துப் பாருங்கள். தேசியக் கொடியை எரிப்பது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று 1989இல் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தபோது, அச்செயலை அறவே வெறுத்த நீதிபதி ஸ்கேலியா பெரும்பான்மையோடு நின்றார். தலைமை நீதிபதி ரெங்க்விஸ்ட் எதிர்த்து எழுதினார்.

பொருளாதாரக் கட்டுரையானால், எழுதப்பட்ட ஆண்டை முதலில் பாருங்கள். 1980களில், அதிபர் ரீகன் காலத்தில் தடையற்ற வணிகமே பழமைவாதிகளின் பொதுக் கொள்கை; டிரம்ப் வந்த பின் இறக்குமதி வரியை ஆதரிப்பவர்களும் பழமைவாதிகள் என்ற அதே பெயரில் எழுதுகிறார்கள்.

இவர்களை ஒரே குரலாக எண்ணி ஏற்பதும் தள்ளுவதும் நியாயமற்றவை என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிக்கு 2020ஆம் ஆண்டின் போஸ்டாக் தீர்ப்பு மிகவும் ஏற்றது. வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஓரினச்சேர்க்கையாளர்களையும் திருநர்களையும் காக்கும் என்று அதில் நீதிபதி கோர்சச் எழுதுகிறார். நீதிபதி அலிட்டோ கடுமையாக மறுக்கிறார். குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்த இந்த இருவரும் சட்டத்தின் எழுத்தையே சான்றாகக் காட்டுகிறார்கள். இருவர் எழுதியவையும் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோர்சச்சை முதலில் வாசித்து, இடைவெளி விடாமல் அலிட்டோவுக்குச் செல்லுங்கள்.