போக்கர் பணம் கைக்கு வரும் வழியில் கரையாமல் இருக்க

பிரிட்டனில் இருந்துகொண்டு டாலர் கணக்கில் ஆன்லைன் போக்கர் ஆடுகிறீர்களா? ஜெயித்த பணத்தை எடுக்கும்போது நாணய மாற்றம் ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும். ஸ்க்ரில், நெட்டெல்லர் போன்ற வாலட்டை (ஆன்லைனில் பணம் வைத்து அனுப்பும் கணக்கு) பவுண்டில் வைத்திருந்து, அதிலிருந்து டாலர் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் இரண்டு முறை வெட்டு விழும். ஒவ்வொரு முறையும் 3 சதவீதம் போனால் 1,000 டாலரில் 59 டாலர் காலி! வாலட்டும் டாலரிலேயே இருக்கட்டும். கடைசியில், நல்ல ரேட் தரும் இடத்தில் மட்டும் பவுண்டாக மாற்றுங்கள். 'கட்டணம் இல்லை' என்ற விளம்பரத்தை நம்பாமல், அன்றைய சந்தை ரேட்டோடு ஒப்பிடுங்கள். லாபத்தை ரேட்டுக்குள்ளேயே ஒளித்து வைப்பார்கள். சூதாட்டப் பணத்தை ஏற்காத வங்கிகளும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாடுகளுக்கிடையே வங்கிகள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வழியில் இடைப்பட்ட வங்கிகளும் கட்டணம் பிடிக்கலாம். அதனால் சிறுகச் சிறுக எடுக்காமல் சேர்த்து எடுப்பது லாபம். அதற்காக மொத்தத்தையும் தளத்திலேயே விட்டுவைக்காதீர்கள். 2011-இல் ஃபுல் டில்ட் போக்கர் என்ற தளம் முடங்கியபோது, அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்ப வரத் தொடங்கியதே 2014-இல்தான்.

அப்புறம், வெளிநாட்டு ஏடிஎம்மில் 'உங்கள் நாணயத்தில் எடுக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்; அங்கேயும் லாபத்தை ரேட்டுக்குள் ஒளித்து வைப்பார்கள்.