மகளை முதன்முறையாக மகளிர் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சத்து மாத்திரை வாங்கப் போகிறோம் என்று சொல்லி மகளைக் கூட்டிப்போய், மகளிர் மருத்துவரின் அறை வாசலில் உட்கார வைக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். பயந்துவிடுவாளே என்ற பாசத்தில் சொல்லும் பொய்தான். ஆனால் சுற்றிலும் கர்ப்பிணிகள் காத்திருக்கும் இடத்தில், எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் 14 வயதுப் பெண் என்ன பாடுபடுவாள்! இரண்டு நாள் முன்பே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பிறப்புறுப்புக்குள் கருவி விட்டுப் பரிசோதிப்பார்களோ என்பதுதான் அவளுடைய பெரிய பயம். வாய்விட்டுக் கேட்கமாட்டாள், நீங்களே பேச்சை எடுங்கள். இந்த வயதில் முதல் சந்திப்பு பெரும்பாலும் கேள்வி பதிலோடு, எடையும் ரத்த அழுத்தமும் பார்ப்பதோடு முடிந்துவிடும். ஸ்கேன் தேவைப்பட்டாலும் அடிவயிற்றின் மேல் ஜெல் தடவித்தான் வழக்கமாக எடுப்பார்கள். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்; அதனால் ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்காமல் அவளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு மகளுக்குப் பதிலாக அம்மா பேசுவதுதான். "ரத்தப்போக்கு எப்படி?" என்று மருத்துவர் கேட்பார். "எல்லாருக்கும் போலத்தான் டாக்டர்" என்று அம்மா முந்திக்கொள்வார். பள்ளியில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுவதும், பாவாடையில் கறை பட்டிருக்குமோ என்று கடைசி ஆளாக வகுப்பிலிருந்து எழுவதும் அவளுக்கு மட்டும்தானே தெரியும்? அது அதிக ரத்தப்போக்கு. ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். மாதவிடாய் தொடங்கிய தேதி, எத்தனை நாள், எத்தனை நாப்கின், வலிக்காகப் பள்ளிக்கு விடுப்பு எடுத்தாளா என்பதையெல்லாம் அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதி எடுத்து வரட்டும். கோயில் திருவிழாவுக்காகத் தள்ளிப்போட மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

"அம்மா, கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று மருத்துவர் சொன்னால் முகம் வாடாதீர்கள். நல்ல மருத்துவர் அப்படிக் கேட்பார். வெளியே வந்ததும் உள்ளே என்ன பேசினாய் என்று குடையவும் வேண்டாம்.

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுவது நம் வீடுகளில் ஊறிப்போன தவறு. 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை, 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்கவில்லை, 3 மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. இதற்கு நேர்மாறாக, ஒரு மாதம் தள்ளிப்போனதும் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று முடிவு கட்டி ஸ்கேனுக்கு ஓடுபவர்களும் உண்டு. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 21 நாள் முதல் 45 நாள் வரை சுழற்சி மாறுவது இயல்புதான். இந்த வயதில் சினைப்பையில் கருமுட்டை வளரும் சிறு நுண்ணறைகள் நிறையத் தெரிவதும் சாதாரணம். ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்துப் பெண்ணுக்கு நோய் முத்திரை குத்திவிடாதீர்கள்.

செலவை நினைத்துத் தயங்கினால் அரசு மருத்துவமனையில் வளரிளம் பருவத்தினருக்கான பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2014-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கே இலவசமாக ஆலோசனை தருகிறார்கள்.