பிராண்ட் இல்லாத கோல்ஃப் மட்டை: முதல் செட் வாங்குவது எப்படி?

டைட்டிலிஸ்ட், காலவே, டெய்லர்மேட் விலையைப் பார்த்ததுமே கோல்ஃப் ஆசையை மூட்டை கட்டி வைப்பவர்கள் பலர். அவசரப்படாதீர்கள். ஹெட்டின் (பந்தை அடிக்கும் தலைப்பகுதி) வடிவமும் ஷாஃப்டும் (மட்டையின் தண்டு) உங்கள் உடலுக்குப் பொருந்தினால், பெயர் தெரியாத கம்பெனி மட்டையிலும் தாராளமாகப் பழகலாம்.

படி 1: போலியை ஒதுக்குங்கள்

சொந்தப் பெயரில் மலிவாக வருவது ஜெனரிக். பெரிய பிராண்டின் லோகோவைத் திருடிப் பதித்து வருவது போலி. அதைத் தொடவே வேண்டாம். ஜெனரிக் மலிவாக இருப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. விளம்பரமும் நட்சத்திர வீரர்களுக்கான ஒப்பந்தமும் பெரிதாகக் கிடையாது. வடிவமைப்பும் பெரும்பாலும் பழகிப்போன ஒன்றுதான். எடையை ஓரங்களுக்குத் தள்ளிப் பின்பக்கத்தைக் குழிவாக விடும் 'கேவிட்டி பேக்' அயர்னைப் (மெல்லிய, தட்டையான ஹெட் கொண்ட மட்டை) பரவலாக்கியவர் பிங் என்ற மட்டை நிறுவனத்தின் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம். நடுவில் படாத அடியையும் ஓரளவு காப்பாற்றும் அந்த வடிவத்தை இன்று எல்லோரும் செய்கிறார்கள். தொடக்கத்தில் அதையே வாங்குங்கள்.

படி 2: ஏழு மட்டை போதும்

விதிப்படி 14 வரை வைத்துக்கொள்ளலாம். முதலில் தூரமாக அடிக்க ஒரு வுட், வுட்டும் அயர்னும் கலந்த ஒரு ஹைப்ரிட், 7, 9 எண் அயர்ன்கள், குறைந்த தூரத்துக்குப் பிட்சிங் வெட்ஜ், மணல் குழியிலிருந்து எடுக்கச் சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்டப் பட்டர் இருந்தால் போதும்.

படி 3: ஷாஃப்டைப் பாருங்கள்

என்னைக் கேட்டால், பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். மெதுவாக வீசுபவருக்கு வளையும் ஷாஃப்ட், வேகமாக வீசுபவருக்கு விறைப்பானது. 'ரெகுலர்', 'ஸ்டிஃப்' என்ற முத்திரைகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றில் ஸ்டிஃப் போல இருக்கும். அதனால் வீசிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அடுத்து 7 அயர்னைத் தரையில் வைத்து, அடிக்கும் நிலையில் நில்லுங்கள். ஹெட்டின் முனை (ஷாஃப்டிலிருந்து விலகிய பக்கம்) ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்கியிருந்தால் சரி. வீசும்போது ஷாஃப்ட் சற்றுக் கீழே வளைவதால் அந்த இடைவெளி மறைந்துவிடும். அதைவிட நிறையத் தூக்கியிருந்தால் பந்து இலக்கை விட்டு விலகும்.

படி 4: லாஃப்டைக் கேளுங்கள்

லாஃப்ட் என்றால் ஹெட்டின் முகப்பு சாய்ந்திருக்கும் கோணம்; அது கூடக்கூடப் பந்து உயரமாக எழும்பி, குறைந்த தூரமே போகும். மட்டையில் உள்ள எண்ணை நம்பாமல் டிகிரியைக் கேளுங்கள். பிட்சிங் வெட்ஜ் 44, சாண்ட் வெட்ஜ் 56 என்றால், நடுவில் உள்ள தூரங்களுக்கு மட்டையே இருக்காது.

படி 5: கையால் சோதியுங்கள்

ஒரு கையில் ஷாஃப்டைப் பிடித்து, மறு கையால் ஹெட்டை மெல்லத் திருகுங்கள். அசைந்தாலோ உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டாலோ வாங்காதீர்கள். கிரிப் (கைப்பிடி உறை) தேய்ந்திருந்தால் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம். போட்டிகளில் ஆடும் எண்ணம் இருந்தால், நீங்கள் வாங்கும் டிரைவர் (மிக நெடுந்தூரம் அடிக்கும் வுட்) கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ அமைப்புகளின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.