பாக்கூ நெருப்புச் சுற்றுலா: பலரும் செய்யும் தவறுகள்

யனார் தாக் என்றால் அசர்பைஜானி மொழியில் எரியும் மலை. பெயரை நம்பி, மலையே பற்றி எரியும் என்று நினைத்துப் போவதுதான் முதல் தவறு. அசர்பைஜான் தலைநகர் பாக்கூவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போய் வேனை விட்டு இறங்கினால், எதிரே இருப்பது ஒரு சாதாரண மேடு. அதன் அடியில் சுமார் 10 மீட்டர் நீளத்துக்குத் தீ எரிகிறது. அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று எங்கள் குழுவிலேயே நாலு பேர் முணுமுணுத்தார்கள்.

அந்த முணுமுணுப்பு அடங்க, தீ எப்படி எரிகிறது என்று தெரிந்துகொண்டு போனால் போதும். விறகு கிடையாது, எண்ணெய் கிடையாது. நிலத்தடியிலிருந்து கசியும் இயற்கை எரிவாயு மணற்பாறையின் துளைகள் வழியே வெளிவந்து எரிகிறது. மழை பெய்தாலும் பனி விழுந்தாலும் அணைவதில்லை. 1950-களில் ஆடு மேய்த்த ஒருவர் வீசிய சிகரெட் துண்டில் பற்றிக்கொண்டது என்று கதை சொல்வார்கள். எரிமலைக்கும் இதற்கும் உறவே இல்லை. நம் வீட்டு கேஸ் அடுப்புக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

அடுத்தது நேரம். உச்சி வெயிலில் போனால் தீ வெளுத்துப்போய்க் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இருட்டும் நேரத்தில் அதே பத்து மீட்டர் வேறு மாதிரி இருக்கும். ஜூன் மாதத்தில் பாக்கூவில் சூரியன் மறைய இரவு எட்டு மணி தாண்டிவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே, எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று கேளுங்கள். இந்தச் சுற்றுலாவின் இன்னொரு நெருப்பு இடமான ஆதேஷ்கா கோயிலை மாலையில் மூடிவிடுவார்கள். ஆகவே கோயில் முதலில், எரியும் மலை கடைசியில் என்ற வரிசைதான் சரி.

கோபுஸ்தானையும் அதே நாளில் திணிக்கும் பயணத் திட்டங்கள்தான் அதிகம். கோபுஸ்தானின் பாறைச் செதுக்கல்களும் சேற்று எரிமலைகளும் அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் அவை நகரத்துக்குத் தென்மேற்கே 60 கிலோமீட்டருக்கு மேல். நெருப்பு இடங்கள் இரண்டும் நகரத்துக்கு மறுபுறம், அப்ஷெரோன் தீபகற்பத்தில். நாங்கள் அப்படித்தான் போனோம். காலையில் சேற்றைப் பார்த்து, மதியம் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, கோயிலுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். இன்னும் வருத்தம் தீரவில்லை. இரண்டு நாள் இருந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அந்த நாளின் சாரமே சுராகானியில் இருக்கும் ஆதேஷ்கா கோயில்தான். அங்கேதான் தவறுகளும் அதிகம். நடுவில் நாலு தூண் மண்டபத்தில் எரியும் தீயைப் படம் எடுத்துவிட்டு, ஆயிரம் ஆண்டுகளாக அணையாத நெருப்பு என்று எழுதிப் போடுகிறார்கள். அது குழாய் வழியே வரும் வாயு. சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் வாயுவும் எடுத்து எடுத்து, இயற்கைத் தீ 1969-ல் அணைந்தே போனது. எண்ணெய்க்குப் பேர்போன ஊரில் எண்ணெய்த் தொழிலே சாமி விளக்கை அணைத்த கதை இது. வழிகாட்டி இதை மெதுவாகச் சொன்னால், கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள்.

இது பழைய பாரசீக ஜொராஸ்ட்ரிய (பார்சிகளின் மதம்) கோயில் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வதும் தவறு. இந்த மண்ணில் நெருப்பு வழிபாடு பழையதுதான். ஆனால் இன்று நிற்கும் கட்டடம் 17, 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கட்டியவர்கள் வணிகத்துக்கு வந்த இந்தியர்கள். ஐங்கோண மதில், உள்ளே சுற்றிலும் துறவிகளும் பயணிகளும் தங்கிய சிற்றறைகள். அறை வாசல்களுக்கு மேலே பாருங்கள். தேவநாகரி எழுத்தில் கல்வெட்டுகள், பஞ்சாபி எழுத்தான குர்முகியில் இரண்டு, பாரசீகத்தில் ஒன்று. தேவநாகரி தெரிந்த யாராவது உடன் இருந்தால் "ஸ்ரீ கணேசாய நமஹ" என்று படித்துக்காட்டச் சொல்லுங்கள். காஸ்பியன் கடலோரத்தில் பிள்ளையார் சுழி! தீயை ஜ்வாலாஜி என்று அழைக்கும் கல்வெட்டும் உண்டு. இமாசலத்தில் காங்க்ராவுக்குப் பக்கத்தில் பாறையிடுக்கில் தீ எரியும் ஜ்வாலாமுகி கோயிலை நினைத்துக்கொண்டால் அந்தப் பெயர் புரியும். பம்பாயின் பார்சி அறிஞர் ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோடி 1920-களில் நேரில் வந்து பார்த்துவிட்டு, இது இந்துக் கோயில்தான் என்று எழுதினார். சீக்கியரும் இங்கே வந்து எழுதிவைத்துப் போனதால், ஒரே மதத்துக்குப் பட்டா போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்வெட்டில் 1866 என்று இருப்பதைப் பார்த்து அது கிபி என்று எண்ணாதீர்கள். அது விக்ரம சம்வத் எனும் வட இந்திய ஆண்டுக் கணக்கு. 57-ஐக் கழிக்க வேண்டும். 1809 வரும்.

மற்றவை சின்ன விஷயங்கள். பாக்கூ காற்றடிக்கும் ஊர். ஹஸ்ரி எனும் வடகாற்று கிளம்பினால் வசந்த காலத்திலும் ஜாக்கெட் வேண்டும். அதே காற்று தீ நாக்கை உங்கள் பக்கம் திருப்பும், அதனால் செல்ஃபிக்காகத் தடுப்பைத் தாண்டாதீர்கள். துப்பட்டா, புடவைத் தலைப்பு கவனம். நுழைவுச் சீட்டும் மதியச் சாப்பாடும் கட்டணத்தில் சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சைவக்காரர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கபாப்தான் வரும். கீரை வைத்து மடித்த மெல்லிய ரொட்டியான குதாப் கேளுங்கள், தயிரோடு தருவார்கள், நன்றாகவே இருக்கும். அப்புறம் டீ வரும்போது பக்கத்தில் ஜாம் கிண்ணத்தைப் பார்த்து, ரொட்டி எங்கே என்று தேடாதீர்கள். அது டீக்குத்தான்.