பம்பளிமாஸ் செய்த வேலை

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி மூன்றாவது ஆண்டு. திடீரென்று வலது கை நடுங்க ஆரம்பித்தது. வங்கிச் சீட்டில் என் கையெழுத்தே எனக்கு அந்நியமாகத் தெரிந்தது. இரத்தப் பரிசோதனையில், புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க நான் விழுங்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு வழக்கமான 6-லிருந்து 14-க்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் 1.2-லிருந்து 1.6 ஆகியிருந்தது. மாத்திரையைக் கூடுதலாக விழுங்கிவிட்டேனோ என்று அட்டைகளை இரண்டு முறை எண்ணினேன். கணக்கு சரியாகவே இருந்தது.

மருத்துவர் மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். அக்கா வீட்டுக் கொல்லையில் காய்த்த பம்பளிமாஸ்! பத்து நாளாகத் தினமும் அரைப் பழம், மிளகாய்த்தூள் தூவி. கிரேப்ஃபுரூட் என்ற ஆரஞ்சு இனப் பழம் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நம்மூரில் அதை யார் தின்கிறார்கள் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். அதன் தாய்ப்பழமே பம்பளிமாஸ்தானாம். இந்த மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை அது முடக்கிவிடுகிறது. மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் சேர்கிறது.

பழத்தை நிறுத்தினேன். மாத்திரையில் நானாகக் கை வைக்கவில்லை; மருத்துவர்தான் சில நாள் குறைத்தார். ஒரு வாரம் கழித்து, காலை மாத்திரை போடுமுன் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். அளவு 7. பழைய மாத்திரைக் கணக்குக்கே திரும்பினேன். அக்காவுக்குத்தான் வருத்தம், மரம் இந்த வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது.