புது கீசர் வாங்கப் போகிறீர்களா? பழையதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்

போன மார்கழியில் எங்கள் பள்ளத்தூர் வீட்டு கீசர் உயிரை விட்டது. வாங்கி 4 வருடம்தான் ஆகியிருந்தது. அதே மாடல் காரைக்குடியில் மைத்துனர் வீட்டில் 11 வருடமாக ஓடுகிறது. "உங்க நேரம் அண்ணே" என்றார் எலக்ட்ரீசியன் தம்பி.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கரண்டை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, அடி நட்டுகளைக் கழற்றச் சொன்னேன். அரை வாளி வெள்ளைப் பொருக்கு கொட்டியது. காயில்மேல் முட்டை ஓட்டைப் பத்துப் பூச்சாகப் பூசினாற்போல ஒரு கனம். தொட்டியை அரிப்பிலிருந்து காக்கும் ஆனோடு இருந்த இடத்தில் அதன் நடுக்கம்பி மட்டும் தொங்கியது. மைத்துனர் வீட்டில் உப்பு குறைந்த சம்பை ஊற்றுத் தண்ணீர். எங்களுக்கு உப்பு மிகுந்த போர் தண்ணீர். விஷயம் அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை இதுதான்: எக்ஸ்சேஞ்சில் 500 ரூபாய் கழிவு கிடைக்கிறதே என்று பழைய கீசரைத் திறக்காமல் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே வெள்ளைப் பொருக்கு நிறைய இருந்தால் தண்ணீரின் உப்பு காயிலைத் தின்றிருக்கிறது. தொட்டியின் தையலில் துரு கசிந்தால் ஆனோடு எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. இரண்டும் இல்லாமல் சூடு மட்டும் ஏறவில்லையென்றால் பெரும்பாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ, சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் கட்டவுட்டோ போயிருக்கும்; அதை மட்டும் மாற்றினால் போதும், கடைக்கே போக வேண்டாம்.

ஆனோடு என்பது தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி. தொட்டி அரிக்காமல் இருக்கத் தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. உப்புத் தண்ணீர் வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்தாக வேண்டும். இதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொன்னதில்லை.

தண்ணீரைச் சோதிக்கிறேன் என்று சிலர் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை நீட்டுவார்கள். அது கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். பொருக்குக் கட்டுவது கால்சியமும் மெக்னீசியமும். அதற்குச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனைதான் சரி. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. எங்கள் வீட்டில் 500-ஐத் தாண்டியது. அப்படிப்பட்ட வீட்டில் கண்ணாடிப் பூச்சுள்ள காயில், பூச்சுப் போட்ட தொட்டி, எளிதாகக் கழற்றக்கூடிய ஆனோடு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தொட்டிக்கு 5 வருடம், 7 வருடம் வாரண்டி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள்; காயிலுக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். சூட்டையும் 55 டிகிரியில் நிறுத்திவிடுங்கள். சூடு ஏற ஏறப் பொருக்கும் வேகமாகக் கட்டும்.

எத்தனை லிட்டர்? நம் ஊர்த் தண்ணீர் 27 டிகிரி என்று வையுங்கள். 15 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்றிக் குளிர்ந்த தண்ணீரோடு விளாவினால், 40 டிகிரியில் ஏறத்தாழ 38 லிட்டர் வரும். பெரிய வாளியில் இரண்டு. 55-இல் வைத்தால் 32 லிட்டர். 2000 வாட் காயிலுக்கு 60 டிகிரியை எட்ட 18 நிமிடம் பிடிக்கும், செலவு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. வாளியில் பிடித்துக் குளிக்கும் வீட்டுக்கு 15 லிட்டரே தாராளம். ஷவரில் நிற்கும் பிள்ளைகள் இருந்தால் 25. சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் போதும், ஆனால் அது 3000 வாட் இழுக்கும்.

மின்சிக்கன நட்சத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டோரேஜ் கீசரில் அது சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு வீணாகிறது என்பதன் அளவு. குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கிற எனக்கு அதில் பெரிய லாபமில்லை. நாள் முழுக்கப் போட்டே வைப்பவர்கள் 5 நட்சத்திரம் பார்க்கட்டும்.

8 பார் அழுத்தம் என்று விற்பனைப் பையன் அழுத்திச் சொல்வான். அது அடுக்குமாடிக்கும், பிரஷர் பம்ப் வைத்த வீட்டுக்கும். என் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி குழாய்க்கு மேல் 12 அடியில் நிற்கிறது, அழுத்தம் 0.4 பார்கூட வராது.

செட்டிநாட்டு வீட்டுக்கே உரிய தலைவலி சுவர். பழைய சுண்ணாம்புச் சுவரில் பூச்சே விரல் கனத்துக்கு இருக்கும். திருகாணிக்குச் சுவரில் அடிக்கும் சாதாரண பிளக் அந்தப் பூச்சிலேயே நின்றுவிடும், செங்கல்லைத் தொடாது. 25 லிட்டர் கீசர் தண்ணீரோடு 35 கிலோ தாண்டும். ஒன்று, செங்கல்லுக்குள் நன்றாக இறங்கும் நீள போல்ட் போடுங்கள். அல்லது தரையிலிருந்து இரும்பு ஆங்கிள் நிறுத்துங்கள். கடைக்குப் போகும் முன் பழைய போல்ட்டுகளின் இடைவெளி, குழாய்கள் வருகிற பக்கம், நிற்கிற வகையா படுக்கிற வகையா என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். படுக்கிற வகையில் இடது, வலது என்று தனித்தனியாக உண்டு. நான் அளக்காமல் போய், ஒருமுறை மாற்றி வாங்கி வந்து ஆட்டோ கூலி அழுதேன்.

வயர் தனியாக, 16 ஆம்பியர் சாக்கெட், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. இதில் பேரமே கிடையாது. செம்புராங்கல் மண் கோடையில் காய்ந்துவிடும். எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். வெந்நீர்க் குழாய் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பாதுகாப்பு வால்வின் நெம்புகோலை மாதம் ஒருமுறை தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் உப்பு அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் பூட்டிய வீடுகள். எதிர்த்தெரு அத்தை வீட்டுச் சாவி என்னிடம்தான். வருடத்தில் 10 மாதம் பூட்டு. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு 40 பேர் வந்து இறங்குவார்கள். அன்றைக்காகப் பெரிய கீசர் வாங்காதீர்கள். வீட்டின் பின்பக்க இரண்டாங்கட்டில் அடுப்பு மூட்டித் தவலையில் காய்ச்சினால் முடிந்தது, கீசர் வயசானவர்களுக்கு. ஊருக்குத் திரும்பும்போது கரண்டை நிறுத்தி, சூடு ஆறியதும் தண்ணீரை வடித்துவிட்டுப் பூட்டுங்கள். திரும்பத் திறக்கும்போது வெந்நீர்க் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரும்வரை சுவிட்சைத் தொடக் கூடாது. காலித் தொட்டியில் போட்டு ஒரு காயிலைக் கருக்கிய பிறகு, அத்தை வீட்டுச் சுவிட்சுக்கு மேல் ஓர் அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்: "முதலில் குழாய், பிறகு சுவிட்ச்."